வெள்ளாடு ஏன் கறுப்பாக இருக்கிறது? துருக்கிய இனப் பெயர்களில் நிறத்தையும் எண்ணையும் படிக்கும் விதம்

போன மார்ச் மாதம், தென் தில்லியில் ஒரு மருத்துவமனை. வெளிநாட்டு நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், நுக்குஸ் ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் வரவேண்டும். நாகர்கோவில் பக்கத்துச் செவிலியர்ப் பெண் ஒருத்தி அவருடைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இவரு எந்த ஊரு?"

"கராகல்பக்ஸ்தான். உஸ்பெகிஸ்தானுக்குள்ள இருக்கு. இவங்க கராகல்பக் மக்கள். கல்பக்னா தொப்பி. கரான்னா கறுப்பு."

"கரான்னா கறுப்பா? நம்ம கரு, கார் மாதிரியே இருக்கே! ஆனா ஆளு இவ்வளவு வெளுப்பா இருக்காரே?"

ஒரே மூச்சில் இரண்டு தவறு. இரண்டையும் நானும் செய்திருக்கிறேன், அதுவும் வருடக்கணக்கில். ரஷ்ய மொழி படித்துவிட்டு, வெளிநாட்டு நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கும் இந்த வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. உஸ்பெக், கசாக் எல்லாம் நோயாளிகளிடமும் அவர்களுடன் வரும் உறவினர்களிடமும் கேட்டுக் கேட்டுப் பிடித்ததுதான். இப்போது என் தம்பி மகன் ராஜிந்தர் நகரில் அறை எடுத்து ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரத்துக்குச் சாப்பிட வந்தால், "அத்தை, கறுப்புக் கித்தான்னா யாரு? ஒன்பது ஓகுஸ்னா எந்த ஒன்பது?" என்று குறிப்பேட்டை விரித்துவிடுவான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செவிலியர்ப் பெண்ணின் இரண்டு தவறையும் எடுத்துக்கொள்வோம். துருக்கிய என்று நான் சொல்வது துருக்கி நாட்டை மட்டுமல்ல, உஸ்பெக், கசாக், கராகல்பக் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பத்தை. துருக்கியக் 'கரா'வும் நம் 'கரு'வும் ஒலியில் நெருங்குகின்றன, பொருளும் ஒன்றே. மனம் துள்ளத்தான் செய்யும். ஆனால் ஒரு சொல் பொருந்தினால் மொழிகள் உறவாகிவிடாது. உலகத்தில் இத்தனை ஆயிரம் சொற்கள் இருக்கும்போது தற்செயலாகச் சில ஒத்துப்போகும். மற்ற நிறங்களைப் பாருங்கள். அக் என்றால் வெள்ளை, கிசில் என்றால் சிவப்பு, சாரி என்றால் மஞ்சள், கோக் என்றால் நீலம். ஒன்றாவது தமிழோடு ஒட்டுகிறதா? இல்லை. சரி, அந்த மகிழ்ச்சியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது. நிறப் பெயரைக் கண்டதும் தோலைப் பார்ப்பது. தில்லியில் பேருந்திலும் சந்தையிலும் நிறத்தைச் சொல்லி அழைக்கப்பட்ட தமிழர்கள் நிறையப் பேர். அதனாலேயே நமக்கு அந்த எண்ணம் முந்திக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இதைத் தாண்டிப் போக வேறு யாரையும்விட நல்ல வழி இருக்கிறது. செந்தமிழ் சிவப்பா? செங்கோல் சிவப்புக் கோலா? பச்சைப் பொய்யும் பச்சைக் குழந்தையும் பச்சைத் தண்ணீரும் எந்தப் பச்சை? எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். பாட்டி வீட்டுக் கொட்டிலில் இருந்த ஆடுகள் முழுக்க முழுக்கக் கறுப்பு, அவற்றின் பெயரோ வெள்ளாடு. அந்த ஆட்டைப் பார்த்து யாரும் குழம்பியதில்லை. அதே பக்குவத்தோடு துருக்கியப் பெயர்களையும் அணுகினால் போதும்.

இனி வேலைக்கு வருவோம். பெயரைக் கையில் எடுத்ததும் முதலில் அதில் மூட்டு எங்கே என்று கண்டுபிடித்துப் பிரியுங்கள். பெரும்பாலும் முன்னால் நிறமோ எண்ணோ நிற்கும், பின்னால் இனத்தின் பெயரோ ஒரு பொருளோ நிற்கும். கரா + கல்பக். அக் + கொயுன்லு. தொகுஸ் + ஓகுஸ். இதற்குப் பத்துப் பதினைந்து சொல் தெரிந்தால் போதும். நிறங்களைச் சொல்லிவிட்டேன், அவற்றோடு சாம்பல் நிறத்துக்கு போஸ் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்களில் மூன்று உச், ஆறு அல்தி, ஏழு யெதி, எட்டு செகிஸ், ஒன்பது தொகுஸ், பத்து ஓன், முப்பது ஒதுஸ், நாற்பது கிர்க், நூறு யூஸ், ஆயிரம் மிங் அல்லது பின்.

நாட்டுக்கு நாடு ஒலி மாறும். துருக்கியில் 'ய' என்று தொடங்குவது கசாக்கில் 'ஜ' ஆகும், அதனால் யெதி அங்கே ஜெத்தி, யூஸ் அங்கே ஜூஸ். உஸ்பெக்கில் கரா என்பது கோரா, அக் என்பது ஏறக்குறைய ஆக். இன்னும் பழைய ஒரு மாற்றம் உண்டு. ஒரு கிளையில் கடைசியில் 'ஸ்' வரும் இடத்தில் மற்றொரு கிளையில் 'ர்' வரும். ஓகுஸ் என்ற துருக்கிய இனப் பெயர் அங்கே ஓகுர் ஆகிறது. வோல்கா ஆற்றங்கரையில் பேசப்படும் சுவாஷ் மொழி இன்றைக்கும் இந்த 'ர்' கிளையைச் சேர்ந்தது. இது தெரிந்தால் 'ஓனோகுர்' என்ற பெயர் தானே திறந்துகொள்ளும். ஓன் + ஓகுர், பத்து ஓகுர். ஹங்கேரி என்ற நாட்டுப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். ஆனால் ஹங்கேரியர் பேசுவது துருக்கிய மொழி அல்ல. பெயர் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரிக்கும்போது ஒரு இடத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். மேலைத் துருக்கியக் ககானியத்துக்கு, அதாவது ககான் என்ற பேரரசனின் ஆட்சிக்கு, 'ஓன் ஓக்' என்று பெயர். உஸ்பெக் கொஞ்சம் தெரிந்த எனக்கு அது முதலில் 'பத்து வெள்ளை' என்றே கேட்டது. உஸ்பெக்கில் வெள்ளைக்கான சொல்லும் அம்புக்கான சொல்லும் காதுக்கு அவ்வளவு நெருக்கம். உண்மையில் அது 'பத்து அம்பு'. ஏழாம் நூற்றாண்டில் அந்த ஆட்சியைப் பத்துப் பிரிவாக வகுத்து, ஒவ்வொரு தலைவனுக்கும் அதிகாரத்தின் அடையாளமாக ஓர் அம்பு கொடுத்தார்கள். ஐந்து ஒரு பக்கம், ஐந்து மறுபக்கம். சீன வரலாற்றுக் குறிப்பும் பத்து அம்பு என்றே மொழிபெயர்த்திருக்கிறது. எண் சரி, நிறம்தான் அங்கே இல்லவே இல்லை.

நிறம் உண்மையிலேயே நிறம்தான் என்று உறுதியான பிறகு, முதலில் திசையைக் கேளுங்கள். இதற்கு நான் தம்பி மகனை மொட்டை மாடியில் நிறுத்தினேன். சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நில் என்றேன். மங்கோலியாவில் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732-ல் குல் தெகின் என்ற இளவரசனுக்காக எழுப்பிய கல்வெட்டில், 'முன்னே' என்றால் சூரியன் உதிக்கும் திசை. அதையடுத்து நடுப்பகல் திசை தெற்கு, பின்னால் சூரியன் மறையும் மேற்கு, நள்ளிரவுத் திசை வடக்கு. கிழக்கு பார்த்து நின்றால் வலக்கை தெற்கே விழும். நமக்கும் இது புதிதல்ல, தட்சிணம் என்ற சொல்லுக்கு வலம், தெற்கு இரண்டும் பொருள்தானே.

இப்போது நிறங்களை வையுங்கள். முன்னால் கிழக்கில் நீலம், வலப்பக்கம் தெற்கில் சிவப்பு, முதுகுக்குப் பின்னால் மேற்கில் வெள்ளை, இடப்பக்கம் வடக்கில் கறுப்பு, நிற்கிற இடத்தில் மஞ்சள். சீனத்திலும் இதே வைப்புதான். துருக்கி மொழியில் கடல்களின் பெயரும் இந்தக் கணக்கில் வந்தவை என்று விளக்குவது வழக்கம். வடக்கே கராதெனிஸ், அதாவது கருங்கடல். தெற்கே கிசில்தெனிஸ், செங்கடல். மத்தியதரைக் கடலுக்கு அக்தெனிஸ், வெண்கடல். கருங்கடலின் தண்ணீர் கறுப்பா என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

ஆனால் இந்தத் திசைக் கணக்கு எல்லாப் பூட்டுக்கும் சாவி ஆகாது. செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சியின் வழிவந்த கூட்டங்களில் அக் ஓர்தா, கோக் ஓர்தா, அதாவது வெள்ளைக் கூட்டம், நீலக் கூட்டம் என்று இரண்டு வருகின்றன. எது கிழக்கு, எது மேற்கு என்பதில் பழைய நூல்களே முரண்படுகின்றன. தேர்வில் ஒரு வரி விடை கேட்டால் எந்த நூலின்படி என்று சொல்லி எழுது என்றே தம்பி மகனுக்குச் சொன்னேன்.

திசை பொருந்தாவிட்டால் அடுத்த கேள்வி, இது உயர்வு தாழ்வைச் சொல்கிறதா? கசாக் மக்களிடையே அக் சுயெக், கரா சுயெக் என்ற பிரிவு இருந்தது. வெள்ளை எலும்பு, கறுப்பு எலும்பு. செங்கிஸ் கானின் வாரிசுகளும் நபிவழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட கோஜாக்களும் வெள்ளை எலும்பு, மற்றவர்கள் எல்லாம் கறுப்பு எலும்பு. ஓர்கோன் கல்வெட்டிலும் சாதாரணக் குடிமக்களைச் சொல்ல 'கரா' வருகிறது. அப்படியானால் கறுப்பு என்றால் தாழ்வு என்று முடிவுகட்டலாமா? கூடாது. மத்திய ஆசியாவில் காஷ்கர், பலாசகூன் நகரங்களை ஆண்ட வம்சத்தில் எல்லோருக்கும் மேலான மூத்த அரசனின் பட்டம்தான் கரா ககான். அங்கே கரா என்றால் பெரிய, வலிமை மிக்க. பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் பட்டத்தை வைத்தே வம்சத்துக்குக் கராகானியர் என்று பெயரிட்டார்கள். ஒரே சொல் குடியானவனையும் குறிக்கிறது, பேரரசனையும் குறிக்கிறது. எது எங்கே என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கும். குடிகள் என்ற சொல்லோடு வந்தால் ஒன்று, ககான் என்ற சொல்லோடு வந்தால் வேறொன்று.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் பொருளா என்று பாருங்கள். இது எளிது. கராகல்பக்கில் தொப்பி அப்படியே பெயருக்குள் இருக்கிறது. செவிலியர்ப் பெண் கேட்டதை நான் பெரியவரிடம் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். அவருடைய தாத்தா. தலையில் ஆட்டுத்தோலில் தைத்த பெரிய தொப்பி, சுருள் சுருளாக ரோமம், காதுவரை இறங்கியிருந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா!" என்றாள். எத்தனை சொன்னாலும் அந்தப் படம் செய்த வேலையை நான் செய்திருக்க முடியாது. ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை. 12-ம் நூற்றாண்டு ரஷ்ய ஏடுகளில் கீவ் நகரத்துக்கு அருகே 'கறுப்புத் தொப்பிகள்' என்ற கூட்டம் வருகிறது. பெயரின் பொருள் ஒன்று என்பதாலேயே இன்றைய கராகல்பக் மக்கள் அவர்கள்தான் என்று எழுதிவிடாதீர்கள். கறுப்புத் தொப்பியை யார் வேண்டுமானாலும் போடலாம்.

கிசில்பாஷ் இன்னொன்று. கிசில் சிவப்பு, பாஷ் தலை. பாரசீகத்தை ஆண்ட சஃபவி வம்சத்தை ஆதரித்த துருக்மன் குழுக்கள் போட்ட சிவப்புத் தலையணியால் வந்த பெயர். அதில் 12 மடிப்பு, 12 இமாம்களுக்காக. தில்லியில் ஹுமாயூன் கல்லறையைப் பார்க்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். அரசை இழந்து 1544-ல் பாரசீகத்தில் ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம் போன ஹுமாயூனையும் அந்தத் தலையணியை அணியவைத்தார்கள்.

நிறத்தில் கடைசிக் கேள்வி, இந்தப் பெயரை வைத்தது யார்? ரஷ்யப் பேரரசு கசாக்குகளைக் கிர்கிஸ் என்று அழைத்தது. அப்படியானால் உண்மையான கிர்கிஸ்களை என்ன சொல்வது? கரா கிர்கிஸ் என்றார்கள். 1924-ல் உருவான நிர்வாகப் பகுதிக்கே கரா கிர்கிஸ் என்றுதான் பெயர், அடுத்த வருடம் கிர்கிஸ் என்று திருத்தினார்கள். அந்த மக்களின் தொப்பி, எலும்பு, திசை எதையும் இந்தக் 'கரா' சொல்லவில்லை, அடுத்தவர் செய்த பெயர்க் குழப்பத்தைத்தான் சொல்கிறது. கரா கித்தாய் என்ற கறுப்புக் கித்தான்களும் ஏறக்குறைய இப்படியே. சீனத்தின் வடக்கே ஆண்ட கித்தான் மக்களின் தலைவன் யேலு தாஷி மேற்கே வந்து நிறுவிய அரசைச் சீனர்கள் மேலை லியாவ் என்றார்கள், 'கறுப்பு' மத்திய ஆசியாவில் வழங்கியது.

நிறம் இவ்வளவு. இனி எண். எனக்கு மனம் நிறைய ஒட்டிய பகுதி இது, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு எண்ணும் யாரோ சிலர் ஒருநாள் உட்கார்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை. எத்தனை பேர் சேர்ந்தோம் என்பதே பெயர். சேர்ந்தவர்கள் பிறகு பிரிந்தாலும், புதியவர்கள் வந்தாலும், எண் மட்டும் அப்படியே நிற்கும். எங்கள் பக்கத்து நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில், அந்த ஒன்பதுதான் திருமணத்துக்கும் பங்காளி முறைக்கும் கணக்கு. பெரிய கோயிலுக்குள்ளே உட்பிரிவுகள் வேறு. தொகுஸ் ஓகுஸ், ஒன்பது ஓகுஸ், எனக்குப் புரிந்தது இந்த வழியில்தான். அந்த ஒன்பதில் ஒன்று உய்கூர். உய்கூருக்குள்ளே மறுபடி குலங்கள். 744-ல் அந்த உய்கூர் தலையெடுத்துத் தனிக் ககானியம் அமைத்தபோதும் ஒன்பது என்ற பெயர் போகவில்லை.

அதனால் எண்ணைக் கண்டதும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த வருடத்துக் கணக்கு, யார் எண்ணியது? ஓர்கோன் கல்வெட்டுகளில் முப்பது தாதாரும் வருகிறார்கள், ஒன்பது தாதாரும் வருகிறார்கள். ஒன்று தவறு என்று அடிக்கக் கூடாது. வெவ்வேறு கூட்டணிகளாக இருக்கலாம்.

ஓகுஸ்களின் 24 பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாக்தாதில் இருந்து 1070-களில் துருக்கிய மொழிகளுக்கு அகராதி எழுதிய மஹ்மூத் அல் காஷ்கரி, 22 பிரிவுகளைத்தான் பட்டியலிடுகிறார். ஏன்? மொத்தம் 24, ஆனால் கலஜ் என்ற இரண்டு பிரிவு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டுவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை என்று அவரே சொல்கிறார். கலஜ் என்ற பெயர் தில்லிக்காரருக்கு அந்நியம் இல்லை. 1290 முதல் 1320 வரை இங்கே ஆண்ட கல்ஜி சுல்தான்களின் பெயர் அதோடு தொடர்புள்ளது. ஹௌஸ் காஸ் ஏரியும் சிரிக் கோட்டையும் அந்தக் காலத்தவை. இருபத்துநாலில் எண்ணாமல் விட்ட இரண்டு!

14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதும்போது 24 முழுசாக வருகிறது, ஆனால் கதையோடு. ஓகுஸ்களின் மூதாதையான ஓகுஸ் கானுக்கு ஆறு மகன்கள், சூரியன், சந்திரன், நட்சத்திரம், வானம், மலை, கடல். ஒவ்வொருவருக்கும் நான்கு மகன்கள், ஆக 24. மகன்கள் வேட்டையில் ஒரு தங்க வில்லையும் மூன்று அம்புகளையும் கண்டெடுக்கிறார்கள். வில்லை மூன்றாக உடைத்துப் பங்கிட்ட மூத்த மூவர் போஸ் ஓக், அம்பு பெற்ற இளைய மூவர் உச் ஓக். உச் ஓக் என்றால் மூன்று அம்பு, அதில் சிக்கல் இல்லை. போஸ் ஓக்கில்தான் நான் பல நாள் நின்றேன். போஸ் சாம்பல் நிறமும் ஆகும். ஆனால் உடைப்பது, குலைப்பது என்ற வினையின் அடியும் போஸ்தான், கதை அந்தப் பொருளைத்தான் எடுக்கிறது. நிறமாகத் தெரிந்தது ஒரு செயலாகிவிட்டது. அப்புறம் உச் ஓக்கில் உள்ள மூன்றைப் பாருங்கள், அது இனங்களின் எண்ணிக்கை அல்ல, அம்புகளின் எண்ணிக்கை. இனங்கள் 12. எண்ணைக் கண்டால் எதை எண்ணியது என்றும் கேட்கவேண்டும் என்பதற்கு இந்த இரண்டு பெயர் போதும்.

இன்னொரு கேள்வி, எண் எந்த மொழியில் இருக்கிறது? கசாக் மக்களின் பெரும் பிரிவுகளுக்கு ஜூஸ் என்று பெயர், அதில் நடு ஜூஸில் நைமன் என்று ஒரு பெரிய குழு உண்டு. துருக்கிய எண்களில் தேடித் தேடிக் கிடைக்காது, அது மங்கோலிய மொழியில் எட்டு. பக்கத்து வீட்டு மொழியையும் தட்டிப் பார்க்கவேண்டும்.

பெரிய எண்களுக்கு வேறு பழக்கம். உஸ்பெக் குழுக்களில் கிர்க், யூஸ், மிங் என்று மூன்று பெயர் உண்டு. நாற்பது, நூறு, ஆயிரம். ஒருநாள் காத்திருப்புக் கூடத்தில் ஒரு உஸ்பெக் பெண்மணி, புதிதாக வந்த இன்னொரு குடும்பத்தலைவரிடம் "உங்கள் உருக் எது?" என்று கேட்டார். உருக் என்றால் குலம். அவர் "யூஸ்" என்றார். அந்த மொழியில் யூஸ் என்றால் முகமும் ஆகும். முகத்தில் ஏதோ தொந்தரவு என்று எடுத்துக்கொண்டு, நான் மருத்துவரைக் கூப்பிட எழுந்துவிட்டேன். அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, "நூறு, மகளே, நூறு" என்று விரலை விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து கேள்வி என்ன என்பதைக் கேட்காமல் விடையை மொழிபெயர்ப்பதில்லை.

நூறு, ஆயிரம் என்ற பெயர்களைப் பத்துப் பத்தாகப் படையை வகுக்கும் புல்வெளி மக்களின் பழக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பது உண்டு. பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்றே அவர்கள் படை நின்றது. மத்திய ஆசியாவில் கோக்கந்து நாட்டை 1876 வரை ஆண்டவர்கள் இந்த மிங் குழுவினர். சீனத்து மிங் வம்சத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே மிங் என்றால் ஒளி.

நாற்பது தனி ரகம். துருக்கி மொழியில் அபூர்வமாக நடப்பதை 'நாற்பது வருடத்துக்கு ஒருமுறை' என்பார்கள். நாம் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்கிறோமே, அந்த நாலு போலத்தான் இந்த நாற்பது, நிறைய என்ற பொருள். கிர்கிஸ் என்ற பெயரையே கிர்க் என்ற நாற்பதோடு சேர்த்துச் சொல்கிறார்கள், நாற்பது பெண்கள் வழி வந்தவர்கள் என்ற கதையும் உண்டு. 1992-ல் ஏற்ற கிர்கிஸ்தான் கொடியில் சூரியனுக்கு 40 கதிர், 40 குலங்களுக்காக. தில்லியிலேயே ஒரு நாற்பது இருந்தது. தில்லி சுல்தான் இல்துத்மிஷின் துருக்கிய அடிமைப் பிரபுக்களுக்குச் சிஹல்கானி, அதாவது நாற்பதின்மர் என்று பெயர். அது பாரசீக எண்தான். ஆனால் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் தனித்தனியாக வரலாறு எழுதியது 25 பேருக்குத்தான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்பது பெயரைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். தில்லை மூவாயிரவரைப் பட்டியல் போட்டுத்தான் நம்புகிறோமா?

அந்தத் தில்லைக் கதையைக் கராகல்பக் பெரியவருக்கும் சொன்னேன். மூவாயிரம் பேரை எண்ணியபோது ஒருவர் குறைந்தது, அந்த ஒருவன் நானே என்றான் இறைவன் என்று. அவர் வெகுநேரம் தலையை ஆட்டிவிட்டு, அந்த ஒருவரின் பெயர் என்ன என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டார்.

ஏழு என்ற எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. கசாக் சிறிய ஜூஸில் ஜெத்திரு, ஏழு குலம், சிறு குழுக்களைக் கசாக் அரசர் தௌகே கான் ஒன்றாக்கியதாகச் சொல்வார்கள். ஜெத்தி அதா என்றால் ஏழு தலைமுறைத் தகப்பன்மார், அதற்குள் மணம் கூடாது. கசாக் நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்தால் ஊருக்கு முன்னால் குலத்தைத்தான் கேட்கிறார்கள். நாம் ரயிலில் எந்த ஊர் என்று கேட்பது போல. ரஷ்யாவுக்குள் இருக்கும் பாஷ்கோர்தோஸ்தானின் கொடியில் உள்ள பூவில் இதழ்கள் ஏழு, அதுவும் குலக் கணக்குதான்.

தமிழில் எழுதும்போது என்ன செய்வது? என் வழக்கம் இது. பெயரைப் பெயராகவே விடுங்கள், கராகல்பக், தொகுஸ் ஓகுஸ் என்று. பொருளை ஒருமுறை சொன்னால் போதும். வரிக்கு வரி 'கறுப்புக் கித்தானியர்', 'நீலத் துருக்கியர்' என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் தோல்தான் வந்து நிற்கும். கோக் துருக் என்பதில் கோக் நீலம் மட்டுமல்ல, வானமும் அதே சொல். நீலம் என்று மொழிபெயர்த்த கணத்தில் வானம் போய்விடுகிறது.

ஒரு பெயரை முழுதாகப் பிரித்துக் காட்டிவிடுகிறேன். போன மாதம் தம்பி மகனை மதுரா சாலையில் அப்துர் ரஹீம் கான் இ கானான் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். 1598-ல் அக்பரின் பிரபுவான ரஹீம் தன் மனைவிக்காகக் கட்டியது, பிறகு அவரும் அங்கேயே அடங்கினார். பாபரின் துருக்கிய நினைவுக்குறிப்பைப் பாரசீகத்தில் கொடுத்தவர் அவர். அவருடைய தந்தை பைராம் கான், கரா கொயுன்லு கூட்டத்தின் பஹார்லு குலத்தவர். சலவைக்கல் பெயர்த்தெடுக்கப்பட்ட குவிமாடத்தின் நிழலில் உட்கார்ந்து, பிரி என்றேன்.

"கரா, கறுப்பு. கொயுன், செம்மறி. லு?"

"உடையவர்."

"கறுப்புச் செம்மறிக்காரங்க. திசையா அத்தை?"

"எதிரி யாருன்னு பாரு."

அக் கொயுன்லு, வெள்ளைச் செம்மறிக்காரர். தியார்பக்கிரை மையமாக வைத்திருந்தவர்கள், கரா கொயுன்லுவுக்கு மேற்கே. வெள்ளை மேற்கு என்று பொருந்துவது போலத் தெரிகிறது. ஆனால் 1467-ல் அக் கொயுன்லுவின் உசுன் ஹசன் கரா கொயுன்லுவின் ஜஹான் ஷாவை வீழ்த்திவிட்டுத் தப்ரீசுக்கே குடிபெயர்ந்தபோதும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மந்தையின் நிறமா, கொடியின் அடையாளமா என்று இரண்டு விளக்கமும் உண்டு. இரண்டிலும் ஆட்டைத் தாண்டி மனிதர் தோலுக்கு வேலையில்லை. தோற்றவர்களின் வழிவந்த சுல்தான் குலி தக்காணத்துக்கு வந்து 1518-ல் கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி ஆட்சியைத் தொடங்கினார். சென்னைப்பட்டினமும் 1687 வரை சில பத்தாண்டுகள் அந்தக் கோல்கொண்டாவின் கீழ்தான் இருந்தது.

அவன் குறிப்பேட்டில் 'கறுப்புச் செம்மறி' என்று எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'சென்னை' என்று எழுதினான். பிறகு நிமிர்ந்து, "பாட்டி வீட்டுல இருந்தது வெள்ளாடுதானே அத்தை, செம்மறி இல்லையே?" என்று கேட்டான்.

"வெள்ளாடுதான். கறுப்பு வெள்ளாடு."